ஐலெட்டில் பூட்டிய ஆம்ப்ளிஃபயர்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று வேலூரைச் சுற்றியுள்ள தோல் ஊர்களில் ஐலெட் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஷூ கயிறு நுழைகிற ஓட்டையின் வாய் கிழியாமல் இருக்க அடிக்கும் சின்ன உலோக வளையம். தோலில் துளை போட்டு, வளையத்தைச் செருகி, அச்சை வைத்து ஒரே தட்டு. மறுபக்கம் இதழ் விரிந்து பிடித்துக்கொள்ளும்.

இதே ஐலெட்டுக்கு அமெரிக்காவில் இன்னொரு வேலை கிடைத்தது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் 1938இல் ரேடியோ ரிப்பேர் கடை போட்ட லியோ ஃபெண்டர், பின்னாளில் எலெக்ட்ரிக் கிடாரும் அதற்கான ஆம்ப்ளிஃபயரும் செய்ய ஆரம்பித்தார். அவருடைய ஆம்ப்ளிஃபயரைத் திறந்தால் உள்ளே மெழுகூட்டிய கறுப்பு அட்டை ஒன்று இருக்கும். அட்டை நெடுக ஐலெட் வரிசை. ரெசிஸ்டரின் காலையும் கண்டென்சரின் காலையும் அந்த வளையத்துக்குள் நுழைத்து ஈயம் வைத்துவிட்டால் இணைப்பு முடிந்தது. ரிப்பேர் கடைக்காரர் செய்த பொருள் அல்லவா, பிரிப்பதும் அதே அளவு சுலபம். ராக் இசையின் ஒலி பாதிக்குப் பாதி இந்த அட்டைகளில்தான் உருவானது என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை.

முதன்முறையாக வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டப் பார்க்கிறவர்களிடம் உலகம் முழுக்கப் பரிந்துரைக்கப்படுவது ஃபெண்டரின் மிகச் சிறிய மாடலான 'சாம்ப்'. அதிலும் 1950களின் பிற்பாதியில் வந்த, 5எஃப்1 என்று குறிக்கப்படும் சர்க்யூட். மூன்றே வால்வு, இருபது சொச்சம் உதிரிகள், இரண்டு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு வால்யூம் கண்ட்ரோல், ஒரு ஸ்பீக்கர். வரைபடம் அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். செல்போனைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள இன்று யாராலும் முடியாது. இந்தப் பெட்டியில் ஒலி உள்ளே நுழையும் இடத்திலிருந்து வெளியேறும் இடம்வரை பென்சில் முனையால் தொட்டுக் காட்டலாம். நூறாண்டுப் பழமையான தொழில்நுட்பத்தைப் புதிதாக ஒருவர் கற்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

கிடாரில் தொடங்குவோம். எலெக்ட்ரிக் கிடாரின் கம்பிகளுக்குக் கீழே காந்தமும், அதைச் சுற்றித் தலைமுடி அளவுச் செப்புக் கம்பியில் பல ஆயிரம் சுற்றுகளும் உண்டு. இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. ஃபாரடே 1831இல் கண்டுபிடித்தபடி சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. பிறப்பது 0.1 வோல்ட் அளவுதான். ஆம்ப்ளிஃபயரின் வாயில் உள்ள தடை 10 லட்சம் ஓம். கணக்குப் போட்டால் அங்கே வந்து சேரும் திறன் ஒரு வாட்டில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. சாம்ப் ஸ்பீக்கருக்குக் கொடுப்பதோ 5 வாட். ஐம்பது கோடி மடங்கு!

இந்த ஐம்பது கோடி மடங்கு எங்கிருந்து வருகிறது? கிடாரிலிருந்து வரும் மின்சாரத்தை ஆம்ப்ளிஃபயர் ஊதிப் பெரிதாக்குகிறது என்றே பலரும் நினைத்துக்கொள்கிறோம். அப்படி எதையும் ஊதிப் பெரிதாக்க முடியாது. காவேரிப்பாக்கம் ஏரியின் மதகைத் தூக்க ஓர் ஆளின் கை போதும். பாய்கிற தண்ணீர் அந்தக் கையிலிருந்து வந்தது இல்லை, ஏரியில் ஏற்கெனவே இருந்தது. ஆம்ப்ளிஃபயரில் ஏரி என்பது நம் வீட்டுச் சுவரில் உள்ள 230 வோல்ட் பிளக். ஸ்பீக்கரில் கேட்பது மின்வாரியத்தின் மின்சாரம். கிடார் செய்வதெல்லாம் மதகை ஏற்றி இறக்குவது மட்டுமே. அந்த மதகுதான் வால்வு.

வால்வுக்குள் மூன்று உறுப்புகள் முக்கியம். நடுவில் கேத்தோடு என்ற மெல்லிய நிக்கல் குழாய். அதன் மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்ஸைடுப் பூச்சு. குழாய்க்குள்ளே ஒரு ஹீட்டர். பூச்சு ஏறத்தாழ 700, 800 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறும்போது எலெக்ட்ரான்கள் ஆவிபோல வெளியே கிளம்புகின்றன. இதன் விதியைக் கண்டறிந்த ஓவன் ரிச்சர்ட்சனுக்கு 1928ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் கிடைத்தது. கேத்தோடைச் சுற்றி, ஆனால் அதைத் தொடாமல், நுண்ணிய கம்பிச் சுருள் ஒன்று: கிரிட். வெளிவட்டத்தில் பிளேட் என்ற உலோகத் தகடு. பிளேட்டுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் நேர்மின் அழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான்கள் அதை நோக்கிப் பாயும். வழியில் இருக்கும் கிரிட் சற்றே எதிர்மின் ஆனால் கூட்டம் தயங்கும். அந்த எதிர்மின் குறைந்தால் நெரித்துக்கொண்டு போகும். ஃப்ளெமிங் 1904இல் கிரிட் இல்லாத வால்வைச் செய்தார். லீ டி ஃபாரஸ்ட் 1906இல் மூன்றாவது உறுப்பைச் சேர்த்தார். எலெக்ட்ரானிக்ஸ் என்று இன்று நாம் சொல்லும் துறையே அங்கிருந்துதான் கிளம்புகிறது.

பிளேட்டில் 150 வோல்ட் இருந்தால் அதை வந்து மோதும் எலெக்ட்ரானின் வேகம் நொடிக்கு 7,000 கிலோமீட்டருக்கு மேல். காஷ்மீர் முதல் குமரிவரை நாட்டின் நீளம் 3,214 கிலோமீட்டர். நொடியில் இரண்டு நடை. இவ்வளவும் சில மில்லிமீட்டர் இடைவெளிக்குள் நடக்கிறது. காற்றின் மூலக்கூறு ஒன்று குறுக்கே நின்றாலும் ஆட்டம் கெட்டுவிடும் என்பதால்தான் கண்ணாடிக் குமிழும் வெற்றிடமும்.

வால்வின் உச்சந்தலையில் வெள்ளிக் கண்ணாடி போல ஒரு பூச்சு தெரியும். அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. காற்றை உறிஞ்சி எடுத்து மூடிய பிறகு, உள்ளே வைத்த பேரியத்தைச் சூடாக்கி ஆவியாக்குவார்கள். அது கண்ணாடியில் படிந்து, மிச்சமிருக்கும் காற்றையும் பின்னால் கசிகிற காற்றையும் பிடித்துக்கொள்ளும். குமிழில் கீறல் விழுந்து காற்று புகுந்துவிட்டால் அந்த வெள்ளிப் பூச்சு பால் போல வெளுத்துப்போகும். பழைய சரக்கு விற்கும் கடையில் வால்வு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மீட்டரே வேண்டாம்.

சாம்ப்பில் முதலில் வருவது 12ஏஎக்ஸ்7. ஐரோப்பியப் பெயர் ஈசிசி83. ஒரே குமிழில் இரண்டு வால்வுகள். இதன் கேத்தோடுக்கும் தரைக்கும் (சர்க்யூட்டின் பூஜ்ஜிய வோல்ட் புள்ளி) நடுவே 1,500 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். புதிதாகக் கற்கிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். கிரிட் எதிர்மின்னாக இருந்தால்தான் மதகு கட்டுப்பாட்டில் நிற்கும் என்றோம். அந்த எதிர்மின்னைத் தர தனி பேட்டரி கிடையாது. வால்வில் ஓடுவது சுமார் 1 மில்லி ஆம்பியர். அது 1,500 ஓம் வழியாகப் போகும்போது கேத்தோடு தரையைவிட ஒன்றரை வோல்ட் மேலே ஏறிவிடுகிறது. கிரிட் தரையிலேயே இருக்கிறது. ஆக, கேத்தோடின் கணக்கில் கிரிட் ஒன்றரை வோல்ட் எதிர்மின். மின்னோட்டம் கூடினால் கேத்தோடு மேலும் ஏறும், மதகு தானே இறங்கும். குறைந்தால் தானே ஏறும். ஒரு சிறு ரெசிஸ்டர் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்துவிடுகிறது. நான் பார்த்த மின்சுற்றுத் தந்திரங்களில் இதைவிடச் சிக்கனமானது குறைவு.

அங்கே 30 மடங்குக்கு மேல் பெருகிய சிக்னல் வால்யூம் கண்ட்ரோலைத் தாண்டி, இரண்டாவது பாதியில் மறுபடி பெருகி, 6வி6 என்ற பவர் வால்வின் கிரிட்டை ஆட்டுகிறது. அதில் ஓடுவது 40 மில்லி ஆம்பியர் அளவு. மூன்றாவது வால்வான 5ஒய்3க்கு இசையோடு சம்பந்தமில்லை. ஏசியை டிசியாக்குவது மட்டுமே வேலை. மூன்று வால்வுகளின் ஹீட்டர்களையும் சூடாக்க மட்டும் 15 வாட் போகிறது. 5 வாட் ஒலிக்கு 15 வாட் அடுப்பு. சிக்கனம் பார்க்கிறவர்களுக்கு இது ஏற்ற பொழுதுபோக்கு இல்லை.

நம் ஊருக்கு வால்வு புதிதும் இல்லை. சென்னையில் 1924இல் கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று நடத்திய ரேடியோ கிளப் ஒலிபரப்பியது வால்வில்தான். பெங்களூரு ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. அதன் ஈஎல்84 வால்வுகளைப் பழைய சரக்கில் தேடிப் பிடிக்கிற வெளிநாட்டுக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும் மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிய மைக் செட்காரர்கள், ஸ்விட்ச் போட்டுச் 'சூடாகட்டும்' என்று காத்திருந்தது கேத்தோடுக்காகத்தான். இப்போது புது வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவிலிருந்து வருகின்றன.

வால்வைத் தபாலில் வரவழைத்துவிடலாம். மற்றதெல்லாம்? வேலூர் வட்டாரத்தில் உட்கார்ந்து பட்டியல் போட்டால் ஆச்சரியமாக, பாதிக்கு மேல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளில் கேட்டால் பவர் டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றித் தருபவர் யாராவது கிடைப்பார். ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க வரைபடங்கள் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கு எழுதியவை. நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதிர்வெண் குறைந்ததால் அதே சுற்றுகளுக்கு இரும்பு 20 சதவீதம் கூடுதலாக வேண்டும். இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கும்.

ஸ்பீக்கருக்கு முன்னால் வரும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்தான் நுட்பமான சமாச்சாரம். வால்வு அதிக வோல்ட்டும் குறைந்த ஆம்பியரும் தரும். ஸ்பீக்கருக்குத் தேவை நேர் எதிர். 5,000 ஓமை 8 ஓமாகக் காட்ட வேண்டுமானால் இரு சுற்றுகளின் விகிதம் 25க்கு 1. இதுவரை எந்தக் காயில் கடைக்காரருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் சாதாரண டிரான்ஸ்ஃபார்மரில் 'ஈ' வடிவ ஸ்டாம்பிங் தகட்டையும் 'ஐ' வடிவத் தகட்டையும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என மாற்றி மாற்றிச் சொருகுவார்கள். ஒற்றைப் பவர் வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு அப்படிச் செய்தால் கெட்டது. அந்தச் சுருளில் 40 மில்லி ஆம்பியர் டிசி எந்நேரமும் ஓடிக்கொண்டிருப்பதால் இரும்பு ஒரே திசையில் காந்தமாகித் திணறிவிடும். 'ஈ' எல்லாம் ஒரு பக்கம், 'ஐ' எல்லாம் மறுபக்கம், நடுவே ஒரு துண்டுக் காகிதம். அந்தக் காகிதத்தின் கனம்தான் கிடாரின் அடித்தொனியைக் காப்பாற்றுகிறது. காகிதத்தைப் பழக்கதோஷத்தில் யாராவது எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அட்டை விஷயத்தில் ஃபெண்டரைப் பின்பற்ற வேண்டியதில்லை. அவருடைய கறுப்பு அட்டை ஈரத்தை உறிஞ்சும். நாள்பட அதுவே லேசாக மின்சாரம் கடத்த ஆரம்பித்து, பழைய ஆம்ப்ளிஃபயர்களில் பொரிகிற சத்தம் வருவதுண்டு. ஹார்டுவேர் கடையில் ஹைலம் ஷீட் என்று கேளுங்கள், அதுவே மேல். ஐலெட்டுக்கு ஆம்பூரில் பஞ்சமில்லை. ஆனால் வண்ணம் பூசிய அலுமினிய ஐலெட் வேண்டாம், அதில் ஈயம் ஒட்டாது. பித்தளை என்று கேட்டு வாங்க வேண்டும். பெட்டியை மூட ரெக்சின் போதும் என்றாலும் ஷூ தைத்து மிஞ்சிய தோல் துண்டு கிடைக்கிற ஊரில் ரெக்சின் எதற்கு? தூக்குகிற கைப்பிடியாவது தோலில் இருக்கட்டும். 1920களில் காகிதக் கூம்பு ஸ்பீக்கர் பிறந்த புதிதில் கூம்பின் விளிம்பைச் சட்டத்தோடு இணைக்கச் சில மாடல்களில் மென்தோல் வளையம்தான் இருந்தது. தோலுக்கும் ஒலிபெருக்கிக்கும் உறவு பழையது.

எல்லாம் கட்டி முடித்து ஸ்விட்ச் போட்டதும் முதலில் கேட்பது பெரும்பாலும் இசையாக இருக்காது. 'உம்ம்' என்ற ஹம். இதற்கும் காதே மீட்டர். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஹீட்டர் ஒயரிலிருந்தோ எர்த் கோளாறிலிருந்தோ வருகிற ஹம் 50 ஹெர்ட்ஸில் அடிவயிற்றில் உறுமும். ஹீட்டர் ஒயர்கள் இரண்டையும் புரி போல முறுக்கி ஓரமாகக் கொண்டுபோனால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்து அடங்கிவிடும். ஏசியின் இரு பாதிகளையும் ரெக்டிஃபயரான 5ஒய்3 நிமிர்த்துவதால் வடிகட்டும் கண்டென்சர் சரியில்லாவிட்டால் வருவது 100 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு ஸ்தாயி மேலே. சுருதி பிடிக்கத் தெரிந்தவர் மூடியைக் கழற்றாமலே கோளாறு எங்கே என்று சொல்லிவிடலாம். வடிகட்டும் கண்டென்சர் வகை 10 டிகிரி வெப்பம் கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகக் குறையும் சாதி. வேலூர் வெயிலை நினைத்து, 105 டிகிரி என்று அச்சிட்டதை வாங்குவதும், சூடான வால்வுக்குப் பக்கத்தில் வைக்காமல் இருப்பதும் நல்லது.

இனி, இத்தனை பாடுபட்டுக் கேட்கப்போகும் ஒலி. மதகின் கணக்கு நேர்க்கோடாக இல்லை என்பதில்தான் வால்வின் கதையே இருக்கிறது. கிரிட் ஒரு பக்கம் அசையும்போது கிடைக்கும் பெருக்கமும் மறுபக்கம் அசையும்போது கிடைக்கும் பெருக்கமும் சமமில்லை. அலையின் ஒரு பாதி உருண்டும் மறுபாதி நீண்டும் வெளியே வருகிறது. அப்படி வடிவம் சிதைந்த அலையில், உள்ளே போகாத சுரங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கும். கிடாரின் 110 ஹெர்ட்ஸ் கம்பியை மீட்டினால் 220 கூடவே வரும்; அது மேல் ஷட்ஜமம். இன்னும் ஓங்கி மீட்டினால் 330 எழும். அது மேல் பஞ்சமம். பொறியாளர் இதைச் சிதைவு என்பார். ஆனால் வந்து சேர்ந்தவை எல்லாம் அந்தச் சுரத்தின் சொந்தக்காரர்களே. அதனால்தான் காது முகம் சுளிப்பதில்லை.

தம்புராவின் குதிரை மேல் கம்பிக்கு அடியில் ஜீவாளி நூலை நகர்த்தி நகர்த்தி வைப்பவர்கள் தேடுவதும் இதைத்தான். சி.வி.ராமன் 1921இல் தம்புராவையும் வீணையையும் பற்றி எழுதிய ஆய்வுரையில், ஒரு கம்பியை எந்த இடத்தில் மீட்டினால் எந்த மேற்சுரங்கள் எழவே கூடாது என்ற பழைய விதியை இந்த வாத்தியங்கள் மீறுவதைக் காட்டினார். வளைந்த குதிரையின் மேல் கம்பி தொட்டும் விட்டும் அதிர்வதே அதற்குக் காரணம். அதற்கு முந்தைய ஆண்டு மிருதங்கத்தைப் பற்றியும் எழுதியிருந்தார்: வெறும் தோலை அடித்தால் ஒன்றோடொன்று சேராத ஒலிகள்தான் வரும், நடுவில் கறுப்புப் பூச்சை ஏற்றியதும் அவை சுருதி சேர்கின்றன. தம்புராவில் நூல், மிருதங்கத்தில் கறுப்புப் பூச்சு, கிடாரில் வால்வு. மூன்றிலும் யாரோ ஒருவர் ஒலியை வேண்டுமென்றே திருத்தியிருக்கிறார். கிடார் ஆம்ப்ளிஃபயரை ஒலி பெருக்கும் கருவி என்று சொல்வதே போதாது. அது வாத்தியத்தின் மறுபாதி.

இதை வைத்து வால்வுதான் எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பதிவான இசையை உள்ளது உள்ளபடி கேட்க வேண்டுமா, நல்ல டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் மலிவாகவும் சுத்தமாகவும் அந்த வேலையைச் செய்யும்.

கடைசியாக உயிர் சம்பந்தப்பட்ட பேச்சு. இந்தப் பெட்டிக்குள் 350, 400 வோல்ட் டிசி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் தங்கியிருக்கும். அவற்றுக்குக் குறுக்கே 2,20,000 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் பொருத்திவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் வடிந்துவிடும். அப்போதும் மல்டிமீட்டரில் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது குண்டு பல்பு ஒன்றைச் சீரிஸில் போடுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. எரிந்தபடியே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். ஸ்பீக்கர் மாட்டாமல் ஆம்ப்ளிஃபயரை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பழைய அமெரிக்க வரைபடங்கள் பலவற்றில் மெயின்ஸிலிருந்து சேசிஸ் என்ற உலோகச் சட்டத்துக்கு ஒரு கண்டென்சர் போட்டிருப்பார்கள், எர்த் ஒயரே இருக்காது. அதை அப்படியே நகலெடுக்காதீர்கள். கிடாரின் கம்பிகள் சேசிசோடு இணைந்தவை. எர்த் இல்லாத பெட்டியில் ஒரு கோளாறு வந்தால் மின்சாரம் நேரே வாசிப்பவர் விரலுக்கு வரும். மூன்று முள் பிளக், முறையான எர்த், பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர். மூன்றும் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் 5 வாட்டா என்று இழுப்பவர்கள் இருப்பார்கள். 50 வாட் ஆம்ப்ளிஃபயர் இதைவிடப் பத்து மடங்கு சத்தமாக ஒலிக்கும் என்று நினைக்கிறார்கள். காதுக்கு அது இரண்டு மடங்காகத்தான் கேட்கும். எரிக் கிளாப்டன் 1970இல் 'லைலா' ஆல்பத்தைப் பதிவு செய்தபோது பயன்படுத்தியது இந்தச் சாம்ப் வகைதான் என்பார்கள். முதல் ஆம்ப்ளிஃபயரை 5 வாட்டிலேயே கட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்ட அது தாராளம்.